ரிசார்ட்டுக்காரன் கட்டுன காப்பு

கோவில்பட்டியில வெயிலுக்கும் ஆவுடையப்பன் வாய்க்கும் ஓய்வு கிடையாதுன்னு அந்தத் தெருவுல ஒரு பேச்சு உண்டு. வெயிலாவது ஐப்பசியில கொஞ்சம் அடங்கும். ஆளு மோட்டாருக்குக் காயில் கட்டுறதுல கெட்டிக்காரரு, அதுல ஒரு குத்தம் சொல்ல முடியாது. கருகிப்போன மோட்டாரைக் கொண்டுபோயிக் குடுத்தா மறுநாக் காலையில ஓடும். அந்த மோட்டாரைப் பத்தி அவரு சொல்ற கதை சாயங்காலம் வரைக்கும் ஓடும். அவருக்கு வாக்கப்பட்ட செண்பகத்துக்கு இது பழகிப்போச்சு. மனுசன் பேசுதாரு, பேசிட்டுப் போகட்டும்னு விட்டுருவாள்.

ஆனா அந்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் அப்படி விட முடியல. அவளுக்கு ஒரு காரியம் ஆகணும்.

காரியம் என்னன்னா, கடல். கோடை லீவு விட்டா இந்தக் குடும்பம் மொத்தமும் கடக்கரைக்குப் போகும். போற சீரைக் கேளுங்க. ஒரு வாடகை வீடு பிடிப்பாக. வேன் மேல கேஸ் சிலிண்டர், அடுப்பு, அரிசி மூட்டை, இட்லிக் கொப்பரை, மிக்ஸி, அருவாமனை, முருங்கைக்காய்க் கட்டு எல்லாம் ஏறும். ஆம்பளைகளும் புள்ளைகளும் வேனை விட்டு எறங்குன கையோட கடல்ல விழுவாக. பொம்பளைக அடுப்படியில விழுவாக. கடக்காத்து வேற வயித்தைத் தோண்டும். காலையில இட்லி எறக்கி முடிக்கிறதுக்குள்ள மத்தியானத்துக்கு மீன் வந்துரும். மீனைக் கழுவி முடிக்கிறதுக்குள்ள ராத்திரிக்கு மாவு இல்லைன்னு தெரியும். செண்பகம் இந்த வீட்டுக்கு வந்ததுல இருந்து வருசம் தவறாம கடலுக்குப் போயிருக்காள். கடல் என்ன நெறம்னு கேட்டா புள்ளைகளைத்தான் கேக்கணும்.

இந்த வருசம் அவ கொழுந்தன் கோமதிநாயகம் மதுரையில இருந்து ஒரு புதுச் சொல்லைக் கொண்டுவந்தான். ஆல் இன்க்ளூசிவ். "கையை வீசிக்கிட்டுப் போகலாம் மதினி. ரூமு, மூணு வேளைச் சாப்பாடு, நடுவுல பலகாரம், காப்பி, புள்ளைகளுக்கு வெளையாட்டு, எல்லாம் ஒரே ரேட்டுல அடக்கம். அடுப்பே கெடையாது. நாம போயிப் பத்த வச்சா அபராதம் போடுவான்."

அபராதம்ங்கிற சொல்லு இம்புட்டு இனிப்பா இருக்கும்னு செண்பகத்துக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சது. அடுத்தவுக போட்ட காப்பியைக் கையில வாங்கிக்கிட்டு, இன்னைக்கு என்ன கொழம்புன்னு யோசிக்காம, கடலைப் பாத்து உக்காந்திருக்கணும். அம்புட்டுத்தான் அவ ஆசை.

கறிச்சோறு தின்னுட்டு எல்லாரும் ஹால்ல ஃபேனுக்கு அடியில கெடந்தாக. மாமியா வேலம்மாள் தலகாணியை மடிச்சுத் தலைக்கு வச்சு, கண்ணை மூடிப் படுத்திருந்தாள். நாத்தனா உலகம்மாள் காலை நீட்டி உக்காந்திருந்தாள். அவ புருசன் முப்பிடாதி பள்ளிக்கூடத்துல பூகோள வாத்தியாரு, சந்தேகம் கேட்டே சம்பளம் வாங்குற ஆளு, சுவத்துல சாஞ்சு பல்லுக் குத்திக்கிட்டு இருந்தாரு. கோமதி போனைத் தேச்சு ஒவ்வொரு ரிசார்ட்டா வாசிச்சான்.

"இதுல நீச்சல் குளம் மட்டும் மூணு இருக்கு."

"வேண்டாம்," ஆவுடையப்பன் சொன்னாரு. "கடலுக்குப் போயிக் குளத்துல குளிக்கவா? கல்யாண வீட்டுக்குப் போயிக் கட்டுச்சோத்தை அவுக்கிற மாதிரி."

"இது பரவால்ல. கடலைப் பாத்த ரூமுக்கு ஒரு ரேட்டு, தோட்டத்தைப் பாத்த ரூமுக்கு ஒரு ரேட்டு."

"கண்ணை மூடிக்கிட்டு இருந்தா என்ன ரேட்டாம்?"ன்னு வேலம்மாள் கண்ணைத் தொறக்காமலே கேட்டாள்.

"அடுத்தது, பவளத்திட்டு பீச் ரிசார்ட். கன்னியாகுமரிக்கு அங்கிட்டு. அட, அண்ணே, இது நீங்க..."

எல்லாத் தலையும் ஆவுடையப்பன் பக்கம் திரும்புச்சு. ஏன் திரும்பாது? சில வருசத்துக்கு முந்தி அந்தப் பக்கம் ஒரு எறால் பண்ணைக்கு மோட்டார் சரிபண்ணப் போன மனுசன், 'பவளத்திட்டு ரிசார்ட்டுல கையைப் பிடிச்சு இழுத்துத் தங்க வச்சுட்டாக, மேனேசரு நமக்குத் தோஸ்து'ன்னு சொல்லிக்கிட்டே வீட்டுக்குள்ள நொழைஞ்சாரு. அன்னையில இருந்து கத்தரிக்கா வெலையைப் பத்திப் பேச ஆரம்பிச்சாலும் பேச்சு பவளத்திட்டுல போயித்தான் நிக்கும். அவரு எங்க தங்குனாருன்னு செண்பகத்துக்கு மட்டும் தெரியும். அந்த வேட்டியைத் தொவச்சவ அவதானே? எறால் தீவனமும் கிரீஸும் சேந்த அந்த வாடை, ஊற வச்சு ஊற வச்சு அடிச்சும் போகல. ரிசார்ட்டுல தங்குனவன் வேட்டி அப்படியா நாறும்?

"ஒங்க தோஸ்துக்கு ஒரு போனைப் போடுங்கண்ணே," கோமதி சொன்னான். "நல்ல ரூமாக் குடுக்கச் சொல்லுவோம்."

ஆவுடையப்பன் எச்சி முழுங்குனது செண்பகத்துக்கு மட்டும் தெரிஞ்சது. பாவமாவும் இருந்துச்சு, ஆத்திரமாவும் இருந்துச்சு. அங்க போனா மேனேசரு 'நீங்க யாரு?'ம்பான், தங்கச்சி மாப்ளை முன்னால மனுசன் மானம் கப்பலேறிரும். போகலைன்னா மறுபடியும் கேஸ் சிலிண்டர், மறுபடியும் இட்லிக் கொப்பரை. கொண்டவர் மானத்தைக் காப்பாத்தவா, கடலைப் பாக்கவா?

"போன் போட்டா அவன் காசே வாங்க மாட்டான்," ஆவுடையப்பன் ஆரம்பிச்சாரு. "ஓசியில தங்குறது நம்ம குடும்பத்துக்கு மரியாதையா? அது கெடக்கட்டும். அந்த எடம் நமக்குச் சரிப்படாது. அம்மாவுக்கு மூட்டுவலி. அங்க சாப்பாட்டு மேசை எம்புட்டு நீளம் தெரியுமா? இந்தத் தலையில நின்னா அந்தத் தலை தெரியாது. இட்லி இருக்கிற எடத்துல இருந்து பூரி இருக்கிற எடத்துக்கு மினி பஸ் விட்டுருக்கான். நான் காலையில தட்டோட ஏறுனேன். கேசரிகிட்ட எறங்குறப்ப பொழுது சாஞ்சிருச்சு."

"நடுவுல பசிச்சா என்னண்ணே செய்ய?" உலகம்மாள் கேட்டாள்.

"வடை ஸ்டாப்புல நிப்பாட்டுவான். எறங்கித் தின்னுட்டு அடுத்த பஸ்ஸப் பிடிச்சுக்கிட வேண்டியதுதான்."

"பஸ்ஸுக்கு டிக்கெட்டு உண்டா மச்சான்?" முப்பிடாதி பல்லுக்குச்சியை எடுக்காமலே கேட்டாரு.

"எல்லாம் அடக்கம்னு இப்பத்தானே மாப்ள இவன் சொன்னான்? காதுல விழலையா? அம்மா எப்படி அம்புட்டுத் தூரம் அலைவா?"

"நானா அலையப் போறேன்? பஸ்ஸுதானே அலையப் போகுது," வேலம்மாள் சொன்னாள். "உக்காந்துக்கிட்டே தின்னுட்டு வாறேன்."

ஆவுடையப்பனுக்கு முகம் சுருங்கிருச்சு. பயமுறுத்தலாம்னு எடுத்து விட்ட கதையில ஆத்தாளுக்கே நாக்கு ஊறிப்போச்சு. அவரு துண்டை ஒரு ஒதறு ஒதறி மறுபடியும் தோள்ல போட்டாரு.

"சாப்பாட்டை விடுங்க. படுக்கணும்ல? அந்த மெத்தை இருக்கே, மெதுவுன்னா அப்படியொரு மெதுவு. உக்காந்தேன். உக்காந்தேன்னா உக்காந்துக்கிட்டே இருக்கேன், அடி தட்டுப்படல. இடுப்பு போச்சு, நெஞ்சு போச்சு, தலையும் உள்ள போயிருச்சு. உள்ள ஒரே இருட்டு. யாரோ பேசுற சத்தம் கேக்குது. தடவிப் பாத்தா, சிவகாசிக் குடும்பம் ஒண்ணு! போன லீவுக்கு வந்தவுக. பாயை விரிச்சு உக்காந்து சீட்டு வெளையாண்டுக்கிட்டு இருக்காக. 'அண்ணாச்சி, வெளிய தீவாளி முடிஞ்சிருச்சா? சரக்கெல்லாம் வித்துப்போச்சா?'ன்னு என்னையக் கேக்காக!"

"அப்புறம் எப்படி மச்சான் வெளிய வந்தீக?"

"மேனேசரு ஊருக்குள்ள ஓடிப்போயிப் பாதாளக் கரண்டி வாங்கிட்டு வந்தாரு. கெணத்துல விழுந்த வாளியை எடுக்கிற மாதிரி, வேட்டி மடிப்புல கொக்கியை மாட்டித் தூக்குனாரு."

"அந்தச் சிவகாசிக்காரங்க?"

"ஆட்டம் முடியலையாம் மாப்ள. அவுக வரலைன்னுட்டாக. இப்பச் சொல்லு உலகு, அந்த மெத்தையில உம்புள்ளைகளைப் படுக்க வச்சா யாரு தேடி எடுக்கிறது?"

"எடுக்க வேண்டாம்ணே," உலகம்மாள் பெருமூச்சு விட்டாள். "அதுக பாட்டுக்கு உள்ள கெடக்கட்டும். நானும் மதினியும் நிம்மதியாத் தூங்குவோம். கோமதி, புக் பண்ணுடா."

செண்பகத்துக்குச் சிரிப்புத் தாங்கல. முந்தானையை வாயில வச்சுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாள். கோமதி போன்ல தேதியைத் தட்ட ஆரம்பிச்சுட்டான். ஆவுடையப்பன் எந்திரிச்சே நின்னுட்டாரு.

"ஏல, பொறு! அங்க கடலே சரியில்லல!"

"கடல்ல என்ன கோளாறு?"

"கோளாறு இல்லாமலா என்னையக் கூப்புட்டான்? அன்னைக்குக் காலையில எந்திரிச்சுப் பாக்கேன், கடலு அசையல. தட்டுல ஊத்துன ரசம் மாதிரி அப்படியே நிக்கிது. தங்க வந்த சனம் பூரா மேனேசரு சட்டையைப் பிடிக்கிது, 'அலையும் அடக்கம்னுதானே சொன்ன'ன்னு. அவரு அழுதுக்கிட்டே எங்கிட்ட ஓடி வாறாரு. 'ஆவுடையப்பண்ணே, மோட்டார் கருகிப்போச்சு, நீங்கதான் காப்பாத்தணும்'ங்கிறாரு."

முப்பிடாதி பல்லுக்குச்சியை எடுத்துட்டாரு. அவரு பாடத்துல வந்து கையை வச்சா விடுவாரா? "மச்சான், கடலுக்கு ஏது மோட்டாரு? அலை காத்தால வருது. ஓதம் ஏறுறதும் எறங்குறதும் நெலாவால. எட்டாம் வகுப்புப் புள்ளை சொல்லும்."

"அது அரசாங்கக் கடலுக்கு மாப்ள. இது பிரைவேட்டு."

வாத்தியாரு பல்லுக்குச்சியை மறுபடியும் வாயில வச்சுக்கிட்டாரு.

"உள்ள எறங்கிப் பாத்தா, மோட்டாரு நம்ம கோயில் தேரு ஒசரம். காயில் பூராக் கருகிக் கெடக்கு. அந்தச் சூட்டுக்குப் பக்கத்துல ஒரு திமிங்கிலம் படுத்துக் குளிர் காயுது. தட்டி எழுப்பி, 'அங்கிட்டுத் தள்ளிப் படு'ன்னேன். நல்ல புள்ளை, தள்ளிப் படுத்துச்சு. நாகர்கோவில் வரைக்கும் கடைகள்ல இருந்த செம்புக் கம்பி அம்புட்டையும் வாரிட்டு வந்து கட்டுனேன். கட்டி முடிச்சு மேல வந்து, 'போடு சுச்சை'ன்னேன். அங்க இருந்த எலக்ட்ரீசியன் பய ரெண்டு வயரை மாத்திக் குடுத்துட்டான். மோட்டாரு தலைகீழாச் சுத்துது. கடலு பின்னால போக ஆரம்பிச்சிருச்சு!"

"ஆத்தாடி," உலகம்மாள் கன்னத்துல கை வச்சாள்.

"தூத்துக்குடித் துறைமுகத்துல கப்பலெல்லாம் தரையில நிக்கிது. கப்பக்காரன் எறங்கி வடத்தைக் கட்டி இழுக்கான். மீனெல்லாம் தண்ணியைத் தேடி ரோட்டு மேல வரிசையா நடந்து வருது. அந்த வருசம் கோவில்பட்டியில சீலா மீனு கொள்ளை மலிவா வித்துச்சா இல்லையா? நீயே சொல்லும்மா."

"ஒரு தடவ மலிவா வித்துச்சு," வேலம்மாள் ஒத்துக்கிட்டாள். "ஆனா நாறிப்போயி இருந்துச்சு."

"நடந்து வந்தா நாறாதா? அப்புறம் ரெண்டு வயரையும் நானே மாத்திக் குடுத்தேன். வந்துச்சு பாருங்க அலை! இன்னைக்கும் போயிக் காது குடுத்துக் கேளுங்க, அந்தக் கரையில ஒவ்வொரு அலையும் 'ஆவுடை, ஆவுடை'ன்னுதான் அடிக்கும். ஆனா ஒண்ணு. நான் கட்டுன காயிலுக்கு வாரண்டி முடிஞ்சுபோச்சு. எப்ப வேணும்னாலும் கருகலாம். நாம குடும்பத்தோட போயி நிக்கிற நேரம் பாத்துக் கருகுனா என்ன செய்வீக?"

"நீங்கதான் கூட வாறீகளேண்ணே," கோமதி சொன்னான்.

முப்பிடாதி நிமிந்து உக்காந்தாரு. "போயே ஆகணும் மச்சான். நீங்க காயில் கட்டுன கடலை என் கண்ணால பாக்கணும். அந்த மேனேசரையும் பாத்து ஒரு கும்பிடு போடணும்." சொல்லிட்டு ஒரு சிரிப்புச் சிரிச்சாரு. அந்தச் சிரிப்பு என்னன்னு செண்பகத்துக்குப் புரிஞ்சுபோச்சு. இந்த மனுசன் தெரிஞ்சுக்கிட்டுத்தான் கேக்காரு. அங்க போயி வச்சுச் செய்யப் போறாரு.

ஆவுடையப்பன் அங்கிட்டுப் பாத்தாரு, இங்கிட்டுப் பாத்தாரு. கடைசியில ஆத்தா முகத்துல போயி நின்னாரு. வேலம்மாளுக்குப் பேய் பிசாசு, போலீசு எதுக்கும் பயம் கெடையாது. சாமி காரியத்துல ஒரு முறை தப்புனா மட்டும் நடுங்கிப் போயிருவாள். மகனுக்கு அது தெரியாதா?

"அம்மா," கொரலை எறக்குனாரு. "உன்கிட்ட மறைச்சு வச்ச ஒண்ணைச் சொல்லுதேன். பவளத்திட்டுல உள்ள போனதும் கையில காப்புக் கட்டிருவாக."

வேலம்மாள் கண்ணைத் தொறந்துட்டாள்.

"அது பட்டை மச்சான்," முப்பிடாதி குறுக்க விழுந்தாரு. "தங்க வந்த ஆளுன்னு அடையாளத்துக்குக் கட்டுறது. அதைக் காட்டுனாத்தான் சாப்பாடு போடுவான். எல்லா ரிசார்ட்டுலயும் உள்ளதுதான்."

"மத்த ரிசார்ட்டுல பட்டை மாப்ள. பவளத்திட்டுல மஞ்சக் கயிறு, வேப்பெலை. கொட்டடிச்சுல்ல கட்டுனான்! காப்புக் கட்டுனா என்ன சட்டம்னு ஒங்களுக்கு நான் சொல்லணுமா? திருவிழா முடிஞ்சு அவுக்கிற வரைக்கும் எல்லை தாண்டக் கூடாது. கவுச்சி தொடக் கூடாது. மெத்தையில படுக்கக் கூடாது."

"இப்பத்தானே மெத்தையில முங்குனேன்னு சொன்னீக?"

"எனக்கு லேட்டாக் கட்டுனாக மாப்ள. வி.ஐ.பி.ன்னு யோசிச்சிருக்காக. அதோட கேளு. அங்க தங்கியிருந்த வெள்ளைக்காரத் தொரை, தொரைசானி எல்லார் கையிலயும் காப்பு. ஆனா வெவரம் தெரியாம நண்டு தின்னுக்கிட்டு இருக்காக. நான் பாத்துக்கிட்டுச் சும்மா இருக்க முடியுமா? கூப்புட்டு மொறையைச் சொன்னேன். 'அய்யய்யோ'ன்னு நண்டைக் கீழ போட்டுட்டாக."

"வெள்ளைக்காரன் 'அய்யய்யோ'ன்னானா?"

"பயந்தவனுக்கு எல்லாப் பாசையும் ஒண்ணுதான். அப்புறம் கேளு. ரூமுக்கு ரூமு குளிக்கிற தொட்டியில நவதானியத்தைப் போட்டு முளைப்பாரி வளத்தாக. ஏசிக் காத்துக்கு அது ஆள் ஒசரம் வளந்து சன்னலை முட்டிக்கிட்டு வெளிய போகுது. மேனேசரு அக்கினிச் சட்டி எடுத்தாரு. சட்டின்னா சின்னச் சட்டி இல்ல, அடுப்படியில ரொட்டி சுடுற தந்தூரி அடுப்பை அப்படியே தலையில தூக்கி வச்சுக்கிட்டாரு. உள்ள ரொட்டி வெந்துக்கிட்டே இருக்கு. பின்னால வெள்ளைக்காரிகளுக்குக் குலவை போடத் தெரியல, விசில் அடிச்சுக்கிட்டே வாறாக. கடக்கரையில பூக்குழி எறங்குனோம். அடிச்ச அனல்ல அலையே ஓரமா ஒதுங்கி நின்னு வேடிக்கை பாத்துச்சு."

யாரும் சிரிக்கல. வேலம்மாள் எந்திரிச்சு உக்காந்துட்டாளே, அதனால.

"எல்லாஞ் சரி," அவ கேட்டாள். "காப்பை எப்பல அவுத்தாக?"

நல்ல புளுகனா இருந்தா இந்த எடத்துல கதையை நிப்பாட்டியிருக்கணும். ஆவுடையப்பனுக்கு எறங்குமுகம் தெரியாது. "அவுத்து விடவே மாட்டாகளேம்மா! சாமியாடுற சந்தடியில கயித்தோட கடல்ல குதிச்சேன். வந்த அலை ஒண்ணு மேல ஏறி உக்காந்து, தூத்துக்குடியில எறங்கி, பஸ்ஸப் பிடிச்சு வீட்டுக்கு வந்தேன். அதான் சொல்லுதேன். குடும்பத்தோட போனா குடும்பத்துக்கே கட்டிருவாக. அந்தத் தெசையில தலை வச்சுப் படுக்கக் கூடாது."

வேலம்மாள் நெஞ்சுல கையை வச்சாள். கோமதி அண்ணன் மூஞ்சியைப் பாத்தான், அம்மா மூஞ்சியைப் பாத்தான், போனை அணைச்சுக் கவுத்தி வச்சான். "அப்ப வழக்கம்போல வாடகை வீட்டையே பாப்போம்," அப்படின்னான். ஆவுடையப்பன் செயிச்ச ஆளு மாதிரி சுவத்துல சாஞ்சாரு.

செண்பகத்துக்குக் கண்ணு கலங்கிருச்சு. போச்சு. காப்பி போச்சு, கடலு போச்சு. இந்த மனுசன் வாயால எத்தனையோ நஷ்டம் பாத்தாச்சு, ஆனா இதைத் தாங்க முடியாது. உள்ளதை ஒடைச்சுச் சொல்லிறலாமான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. அவரைத் திரும்பிப் பாத்தாள். 'சொல்லிராதட்டி'ன்னு அவரு கண்ணு கெஞ்சுது. அவளுக்கு மனசு வரல. அவ தொண்டையைக் கனைச்சாள்.

"அத்த, நானும் எத்தனை நாளைக்குத்தான் மறைக்க? இவுக சொன்னது பூராவும் நெசம்."

அந்த ஹால்ல எல்லாரையும் விட ஜாஸ்தியாத் திடுக்கிட்டது ஆவுடையப்பன்தான். பொறந்ததுல இருந்து அந்தச் சொல்லை அவரு யார் வாயிலயும் கேட்டதில்ல.

"நெசம் மட்டுமில்ல அத்த, கொறச்சுச் சொல்லுதாக," செண்பகம் சொன்னாள். வாழ்க்கையில ஒரு பொய்யும் உருப்படியாச் சொல்லாதவ, இப்ப வாயைத் தொறந்தா தண்ணி மாதிரி வருது. "காப்பை அவுக்காம வந்த ஆளு தனியாவா வந்தாக? கடலு பின்னாலயே வந்துருச்சு. கொழாயைத் தொறந்தா உப்புத் தண்ணி. நான் சாம்பாருக்கு உப்பு வாங்கி வருசக் கணக்காச்சு."

"அதான் மதினி சாம்பாரு எப்பவும் கரிக்குதா?" உலகம்மாள் கேட்டாள்.

"பெறகு? ராத்திரி இவுக கொறட்டை விட்டா அலைச் சத்தம்தான் கேக்கும். விடிஞ்சா கட்டிலுக்கு அடியில ஈர மணலு. கூட்டி அள்ளி வெளிய கொட்டிக் கொட்டி எனக்கு முதுகு போச்சு. பக்கத்து வீட்டுக்காரரு அந்த மணலை அள்ளித்தான் மாடி எடுத்துருக்காரு. இன்னைக்குக் காலையில சோறு பொங்கலாம்னு அரிசிப் பானைக்குள்ள கையை விடுதேன் அத்த. ரெண்டு நண்டு!"

"நண்டா?" முப்பிடாதி எகிறினாரு. "எங்க அந்த நண்டு? காட்டுங்க பாப்போம்."

"மத்தியானம் ரசம் நல்லாருக்குன்னு மறுபடி மறுபடி வாங்கிக் குடிச்சீகளே அண்ணே. அதுல என்ன கெடந்துச்சுன்னு நெனச்சீக?"

முப்பிடாதி வயித்தைத் தடவிப் பாத்துக்கிட்டாரு. அதுக்கு மேல அவரு சந்தேகம் கேக்கல.

"இதுக்குப் பரிகாரம் என்னன்னு ஒங்களுக்குத் தெரியாதா அத்த?" செண்பகத்துக்குக் கொரல் லேசா நடுங்குச்சு. அது மட்டும் நடிப்பு இல்ல. "காப்பைக் கட்டுன எடத்துல போயித்தானே அவுக்கணும்?"

வேலம்மாள் மருமகளை ஏற எறங்கப் பாத்தாள். பாத்துக்கிட்டே இருந்தாள். செண்பகம் கண்ணை எடுக்கல.

"ஆமா," வேலம்மாள் சொன்னாள். "அவுக்காத காப்பு குடும்பத்துக்கு ஆகாது. போயித்தான் தீரணும்."

"அம்மா!" ஆவுடையப்பன் பதறிட்டாரு. "அதுக்கு எதுக்கு எல்லாரும்? நான் மட்டும் போயி அவுத்துட்டு ஓடியாந்துருதேன்."

"சாமி காரியத்துக்கு ஒத்தையில அனுப்புற வழக்கம் இல்லல. சனம் பூராவும்தான் போகணும். கோமதி, அந்தப் போனை எடு."

செண்பகத்துக்கு மூச்சு வந்துச்சு. வந்த மூச்சை உலகம்மாள் உடனே நிப்பாட்டுனாள். "காப்பு அவுக்கணும்னா பொங்க வைக்கணுமேம்மா? அப்பப் பானை, அரிசி, வெல்லம், அடுப்பு எல்லாத்தையும் வேன்ல ஏத்தணும்ல? சிலிண்டரும் எடுத்துக்கிடுவோமா?"

செண்பகத்துகிட்ட இருந்த பொய்யெல்லாம் தீந்துபோச்சு. புதுசாக் கத்துக்கிட்டவகிட்ட எம்புட்டு இருக்கும்? அவ பாவமா நின்னாள். ஆவுடையப்பன் அவ மூஞ்சியைப் பாத்தாரு. என்ன நெனச்சாரோ, துண்டை எடுத்து மடியில போட்டுக்கிட்டு முன்னால நகந்து உக்காந்தாரு.

"அறிவு கெட்டத்தனமாப் பேசாத உலகு. பவளத்திட்டு எல்லைக்குள்ள, காப்புக் கட்டுன வீட்டுப் பொம்பளைக கரண்டியைத் தொடவே கூடாது. தெய்வக் குத்தம். ஒரு அம்மா தெரியாத்தனமா ஒரு டம்ளரை எடுத்துக் கழுவிருச்சு. தொட்ட டம்ளரு கையை விட்டு எறங்கி ஓடுது! மூணு சமையக்காரங்க தொரத்திப் பிடிச்சாக. பொங்கலை மேனேசருதான் வைக்கணும். காப்பியைக் கூட, பொம்பளைக உக்காந்த எடத்துக்குக் கொண்டுவந்து குடுத்தாத்தான் அங்க சாமி மலையேறும். நான் கண்ணால பாத்தேன்."

வாக்கப்பட்டு வந்ததுல இருந்து அவரு அளந்த அளப்பைக் கொட்டி வச்சா கோவில்பட்டி கொள்ளாது. அதுல செண்பகத்துக்குன்னு அளந்தது இது ஒண்ணுதான். அவளுக்கு அவரைக் கட்டிக்கிட்டு அழணும்போல இருந்துச்சு. எல்லாரும் இருக்காகளேன்னு மூக்கை மட்டும் உறிஞ்சிக்கிட்டாள்.

"மேனேசருகிட்ட இப்பப் பேசிருவோமா மச்சான்?" முப்பிடாதிக்கு இன்னும் ஆசை விடல.

"அந்த மேனேசரு இப்ப அங்க இல்ல மாப்ள. என் காயிலைப் பாத்துட்டு, அமெரிக்காக்காரன் அவரைத் தன் கடலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். இப்ப இருக்கிறவன் புது ஆளு. என்னையத் தெரியாது."

"ரூமு போட்டாச்சு!" கோமதி போனைத் தூக்கிக் காட்டுனான். "கடலைப் பாத்த ரூமு. மூணு நாளு."

உலகம்மாள் புள்ளைகளைக் கூப்புட வாசலுக்கு ஓடுனாள். அண்ணனும் தம்பியும் வேன் பேசுறதைப் பத்திச் சத்தம் போட ஆரம்பிச்சாக. வேலம்மாள் எந்திரிக்கக் கையை நீட்டுனாள். செண்பகம் போயித் தூக்கி விட்டாள். எந்திரிச்ச கையோட மாமியா அவ காதைப் பிடிச்சுப் பக்கத்துல இழுத்தாள்.

"கிறுக்கச்சி, சொல்லுததுதான் சொல்லுத, ரெண்டு நண்டோட நிப்பாட்டிட்டியேட்டி. நாலு நண்டுன்னு சொல்லியிருந்தா நானும் ஒரு வாரம்னு போடச் சொல்லியிருப்பேன்ல?"